திருநாள் வாழ்த்தட்டையின் மொழி: ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ புதினம் குறித்து

தன்பாலீர்ப்புடையோரைத் தலைமை மாந்தராகக் கொண்ட புனைகதைகளில் கிறித்துமஸ் பெரும்பாலும் குடும்பம் கூடும் நாளாகவும், அக்கூட்டத்தில் இடமின்றி நிற்போரைக் காட்டும் நாளாகவும் அமையும். 1952இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ என்னும் புதினத்தில் அத்திருநாள் ஒரு மறைமொழியாகவே தொழிற்படுகிறது.

இதன் ஆசிரியர் பட்ரீசியா ஹைஸ்மித், 1948 டிசம்பரில் நியூயார்க்கின் பிளூமிங்டேல் பேரங்காடியில் திருநாள்காலத் தற்காலிகப் பணியாளராகப் பொம்மைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கு ஒரு பெண்மணிக்குப் பொம்மை விற்ற நாளின் மாலையில், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கதைச் சுருக்கத்தை எழுதி முடித்தார். அடுத்துச் சின்னம்மையில் விழுந்தார். அவருடைய முதற்புதினத்தை வெளியிட்ட ஹார்ப்பர் நிறுவனம் இதனை ஏற்கவில்லை. கவர்டு-மெக்கேன் நிறுவனம் வெளியிட்டபோது ஆசிரியர் பெயர் கிளேர் மார்கன் என்றிருந்தது. 1990இல்தான் ஹைஸ்மித் தம் பெயரில், ‘கேரல்’ என்னும் புதுத்தலைப்புடன் வெளியிட இசைந்தார்.

கதையில் பொம்மை விற்கும் தெரீஸ், பொம்மையை அனுப்பவேண்டிய முகவரியை விற்பனைச் சீட்டிலிருந்து அறிகிறாள். அச்சீட்டில் உள்ள பெயர் திருமதி ஹெச். எஃப். ஏர்ட், அஃதாவது கணவனின் பெயர். கேரல் என்னும் பெயர் அதில் இல்லை. தெரீஸ் அம்முகவரிக்கு ஒரு கிறித்துமஸ் வாழ்த்தட்டை அனுப்புகிறாள். அங்காடியின் பெயரால் அமைந்த பொதுவாழ்த்து அது. கையொப்பமிடும் இடத்தில் 645-ஏ என்னும் தன் பணியாளர் எண்ணை எழுதுகிறாள். பெறுபவள் கணவனின் பெயருக்குள்ளும் அனுப்புபவள் ஓர் எண்ணுக்குள்ளும் மறைந்திருக்க, இருவருக்குமிடையே செல்வது பொருள் தேய்ந்த வழக்குத்தொடர். டிசம்பரில் யாரும் யாருக்கும் வாழ்த்து அனுப்பலாம் என்பதே அதற்குக் காப்பு. சடங்குமொழி வெறுமையானது என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வெறுமையே இங்குப் பயன்படுகிறது. கேரல் அவ்வெண்ணைக் கொண்டு அங்காடிக்குத் தொலைபேசியில் அழைக்கிறாள்.

பின்னர் இருவரும் காரில் மேற்குநோக்கிப் பயணம் செல்லும்போது, கேரலின் கணவன் ஏவிய துப்பறிவாளன் விடுதியறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்கிறான். மறைப்பின்றிப் பேசிய சொற்கள் மகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் சான்றாகின்றன. வாழ்த்தட்டையின் மொழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அதே 1952இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் முதற்கையேடு தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலில் சேர்த்தது. 1973இல்தான் அது நீக்கப்பட்டது. 1952இலேயே வின் பேக்கர் என்னும் புனைபெயரில் மேரிஜேன் மீக்கர் எழுதிய ‘ஸ்பிரிங் ஃபயர்’ புதினத்துக்கு, அஞ்சல்துறையின் தடைக்கு அஞ்சிய பதிப்பாசிரியர் இன்பமுடிவு கூடாதென்றார். ஹைஸ்மித்தோ இருவரையும் நம்பிக்கையோடு மீண்டும் சேரவிட்டார். அவருக்கு வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தமைக்கு இதுவே முதற்காரணம்.

தமிழாக்குவோர்க்கு இப்புதினம் வைக்கும் சிக்கல் முன்னிலைப் பெயரில் உள்ளது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒன்றே. எந்த நாளில் நெருக்கம் தொடங்கிற்று என்பதை அது காட்டிக்கொடுக்காது. தமிழில் ‘நீங்கள்’ என்பது ‘நீ’யாக மாறும் பக்கத்தை மொழிபெயர்ப்பாளரே தேர்ந்தாக வேண்டும், ஆசிரியர் மறைத்ததை அவர் தேதியிட்டுச் சொல்லிவிடுகிறார். கேரல் வயதில் மூத்தவள், வாடிக்கையாளர். தெரீஸ் பத்தொன்பது வயதுப் பணிப்பெண். ஆகவே கேரல் முதலிலிருந்தே ‘நீ’ என்பது பொருந்தும். தெரீஸ் பயணத்தின் நடுப்பகுதிவரை ‘நீங்கள்’ என்றே சொல்வது தகும் என்பது என் கருத்து. அங்காடிக் காட்சியில் விளிச்சொல்லாக ‘அம்மா’ வருதல் ஆகாது. நம் கடைகளில் இயல்பானதே எனினும், இங்கு அது தாய்-மகள் உறவின் சாயலை ஏற்றிவிடும். ‘மேடம்’ போதும். புதுத்தலைப்பின் சிலேடை மட்டும் இடரின்றித் தமிழுக்கு வருகிறது: கிறித்துமஸ் பாடலைக் ‘கேரல்’ என்றே வழங்கும் திருச்சபைகள் நம்மிடையே உள்ளன.