பெயர் ஒன்று, பொருள் வேறு: வலையமைப்புச் செய்நிரல்கள் இடம்பெயர்ந்த வரலாறு

ஒரு பணிசெயல் முறைமைக்கென எழுதப்பட்ட வலையமைப்புச் செய்நிரலைப் பிறிதொரு முறைமைக்குப் பெயர்க்கப் புகும் மாணவன் முதற்கண் எதிர்கொள்வது, தொகுப்பி அடுக்கடுக்காகக் காட்டும் பிழைகளையேயாம். தொகுப்பியாவது மனிதர் எழுதிய நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றுங் கருவி. அப்பிழைகளை வெறும் எழுத்துப் பிழைகளெனக் கருதுவோர் பலர். அவற்றுட் பல வரலாற்றின் சுவடுகள் என்பதை ஈண்டு நோக்குவாம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தார் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட யுனிக்ஸின் 4.2 ஆம் பதிப்பிலே, ‘சொக்கெற்’ எனப்படும் பொருத்துவாய் முறை பரவலாக அறிமுகமாயிற்று. யுனிக்ஸின் மரபுப்படி பொருத்துவாயும் கோப்பைப் போன்றதே. அதனைக் குறிப்பது ஒரு சிறிய முழுவெண். கோப்பை மூடும் ‘குளோஸ்’ என்னுங் கட்டளையே அதனையும் மூடும். முயற்சி தவறின் விடையாக வருவது −1.

வின்டோஸின் நிலை வேறு. அதற்குரிய இணையமென்பொருளைப் பல நிறுவனங்கள் தத்தம் போக்கில் ஆக்கி விற்றன. அவற்றிடையே பொதுமை காணும்பொருட்டு எழுந்த ‘வின்சொக்’ வரையறையின் 1.1 ஆம் பதிப்பு 1993 சனவரியில் வெளிவந்தது. அது பேர்க்கிலியின் பெயர்களைப் பெரிதும் போற்றிக் கொண்டது. எனினும் அங்கே பொருத்துவாய் கோப்பாக இருத்தல் வேண்டுமென்னும் நியதியில்லை. ஆதலின் மூடுதற்குக் ‘குளோஸ்சொக்கெற்’ என்னும் புதுக்கட்டளை பிறந்தது. தலைப்புக் கோப்புகளின் பெயர்கள் மாறின. வழுவெண்ணை அறியும் வழியும் மாறியது. தொகுப்பி முறையிடுவது இவ்வேறுபாடுகளைக் குறித்தேயாம்.

ஆயினும், தொகுப்பி எடுத்துரைக்கும் பிழையினும் அது உரையாது விடும் பிழையே கொடிது. வின்சொக்கில் பொருத்துவாயின் எண் குறியற்ற வகையினது. அது சுழியத்திற் குறைதல் ஒருபோதும் இல்லை. ‘சுழியத்திற் குறைந்ததாயின் தோல்வி’ எனச் சோதிக்கும் பழைய வரி தடையின்றித் தொகுக்கப்படும். ஆனால் தோல்வியை ஒருநாளுங் காணாது. வின்டோஸின் சீ மொழி நூலகத்திலுங் கோப்புகளுக்கெனக் ‘குளோஸ்’ உண்டு. ஆதலின் அக்கட்டளையுந் தொகுப்பியைக் கடந்து செல்லக்கூடும், பொருத்துவாயோ மூடப்படாது. நாள்முழுதும் இயங்கும் பரிமாறி இவ்வாறு சிறிது சிறிதாகத் தன் வளங்களை இழக்கும்.

யுனிக்ஸ் குடும்பத்துள்ளேயே இத்தகைய வேற்றுமை எழுந்ததுண்டு. முகவரியின் நீளத்தைப் பேர்க்கிலியார் சாதாரண முழுவெண்ணாகக் கொண்டனர். பின்வந்த நியமத்தார் சிலர் அதனை நினைவக அளவைக் குறிக்கும் வகைக்கு மாற்ற முனைந்தனர். 64 பிட் பொறிகள் பலவற்றில் முன்னையது 32 பிட், பின்னையது 64 பிட். சுட்டியின் வழியே இவை மயங்கின் அயலிலுள்ள நினைவகமே சிதையும். இச்சிக்கலைத் தீர்த்தற்கே ‘சொக்லென்-ரீ’ என்னுந் தனிவகை வகுக்கப்பட்டு, 1997 ஆம் ஆண்டின் ஒற்றை யுனிக்ஸ் வரையறையில் இடம்பெற்றது.

எனவே, தொகுப்பியின் வாயை அடைக்கும்பொருட்டு வகைமாற்றங்களை ஆங்காங்கே செருகுதல் மருந்தாகாது. அது நோயை மறைத்தலேயாம். வேறுபாடுகளையெல்லாம் ஒரு தனிக்கோப்பில் ஒதுக்கி, ஏனைய நிரலைப் பொதுவாக வைத்தலே தக்க நெறி. ஒவ்வொரு பிழையின் முன்னும் ‘இப்பெயர் இவ்விடத்தில் எப்பொருளைத் தருகின்றது?’ என வினவும் மாணவன் பிழையை மட்டுமன்றி, அதன் பிறப்பையும் அறிந்தவனாவான்.