டோபி காட்டின் மோட்டார் காலம்

சிங்கப்பூரின் டோபி காட்டில், பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, இன்று ஒய்.எம்.சி.ஏ. இருக்கும் பக்கத்துத் திடலில் காயப்போட்ட இந்தியச் சலவைத் தொழிலாளர்களைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்லும். அங்கிருந்து ஒரே தாவலாக 1987இல் திறந்த ரயில் நிலையத்துக்கு வந்துவிடும். இடையில் டோபி காட்டில் பெட்ரோல் வாடை வீசிய காலம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச்சையே காணோம்.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் 1896இல் வந்தது. சார்ல்ஸ் பக்லி வாங்கிய பென்ஸ் வண்டி அது. போட்ட சத்தத்தில் ஊரார் அதற்கு ‘காப்பி மெஷின்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1906இல், வேர்ன் சகோதரர்கள் ஆர்ச்சர்ட் சாலையில் பட்டறை போட்டார்கள். அவர்களுடைய மலாயன் மோட்டார்ஸ் 1927இல் டோபி காட்டை ஒட்டிக் கட்டிய காட்சிக்கூடம் இன்றும் நிற்கிறது. குதிரை லாயத்தில் வேலை பார்த்த பாவியான் தீவுக்காரர்கள் பலர் கடிவாளத்தை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

அந்தக் காட்சிக்கூடத்தில் விற்ற மோரிஸ் கார்களின் பானட்டுக்குள் எஸ்.யு. கார்ப்பரேட்டர் இருந்தது. லண்டனில் செருப்பு வியாபாரம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துப் பிள்ளைகள் உருவாக்கியது அது. ஆரம்பத்தில் அதன் துருத்தியே தோலால் ஆனது என்பது செருப்புக்காரர் வீட்டுக்குப் பொருத்தம்தான். என்ஜின் காற்றை இழுக்கும் வேகத்துக்கு ஏற்ப உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கி, பெட்ரோலை அளந்து விடும். 1926இல் அந்த எஸ்.யு. நிறுவனத்தையே மோரிஸ் கார் அதிபர் விலைக்கு வாங்கிவிட்டார்.

என்ஜினின் அந்த இழுவையை, மெக்கானிக்குகள் ‘வேக்குவம்’ என்று சொல்வதை, வேறு வேலைகளுக்கும் ஏவினார்கள். 1950களின் ஃபோர்டு ஆங்கிலியாவில் வைப்பர் ஓடியதே அதில்தான். கூத்து என்னவென்றால், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை குறையும். அடைமழையில் மேடேறும்போது, வைப்பர் மிக அவசியமான அந்த நேரத்தில், அது சோம்பிப் படுத்துக்கொள்ளும்.

கார்ப்பரேட்டரை மாற்றும் பட்டறைக்காரருக்கு உண்மையான சோதனை போல்ட்டு முடுக்கிய பிறகு, இந்த வேக்குவக் குழாய்களை மாட்டும்போதுதான். ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயை, பெரும்பாலான வண்டிகளில், ஆக்சிலரேட்டர் திறக்கும் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருக்கும் துளையில் மாட்ட வேண்டும். ஐட்லிங்கில் அங்கே விரலை வைத்தால் ஒன்றும் தெரியாது. த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்ததும் விரலைப் பிடித்து இழுக்கும். அப்போது ஸ்பார்க் சற்று முன்னதாகவே அடிக்கும், மெதுவாக எரியும் மெல்லிய கலவைக்கு நேரம் கிடைக்கும். அதைத் தகட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டு பக்கம் மாட்டினால் ஐட்லிங்கிலேயே டைமிங் ஏறி, என்ஜின் வேகம் எகிறும். பிரேக் பூஸ்டரின் தடித்த ஹோஸுக்கோ அந்த மேனிஃபோல்டு இழுவையேதான் வேண்டும், நடுவில் ஒருவழி வால்வுடன். அது கழன்றால் பெடல் கல்லாக இறுகும். மூட மறந்த ஒரு துளை போதும்: உஸ்ஸென்று காற்று உள்ளே புக, கலவை மெலிந்து என்ஜின் தள்ளாடும்.

1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. அந்தக் காலப் பந்தயக்காரர்கள் ஜோடி வெபர் கார்ப்பரேட்டர் பூட்டும்போது ஸ்பார்க்கை முன்தள்ளும் குழாயைப் பெரும்பாலும் தூக்கியே எறிந்தார்கள்; முழு த்ராட்டிலில் ஓடும் வண்டிக்கு அது எதற்கு? சாதாரண வண்டிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அடுத்து வந்த ஜப்பானியக் கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக ரப்பர் ஹோஸ்கள் இடியாப்பம் போலப் பின்னிக் கிடந்தன. அவிழ்க்கும் முன் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி எண் எழுதாதவர் பாடு திண்டாட்டம்தான். வெப்பத்தில் வெந்து இறுகிய ரப்பர், பிடுங்கும்போதே வாயில் வெடித்துப் போகும். நுனியை வெட்டிவிட்டு மாட்டலாம், நீளம் இருந்தால்.

மோட்டார் கடைகள் பின்னர் ஆர்ச்சர்ட் சாலையை விட்டு லெங் கீ சாலைப் பக்கம் போயின. 1990 மே மாதம் கார் வைத்திருக்கப் பத்தாண்டு உரிமை தரும் சி.ஓ.இ. சான்றிதழ் வந்தது; பத்தாண்டு முடிந்த காருக்கு மறுபடி பெருந்தொகை கட்டுவதைவிட அதைக் கழித்துவிடுவதே மேல் என்று பலர் நினைத்தார்கள். அதே ஆண்டுகளில் புதுக் கார்களில் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்து உட்கார்ந்தது. கார்ப்பரேட்டர் வண்டிகள் தேய்ந்து மறைய மெக்கானிக்கின் திறமைக்குறைவு எந்த விதத்திலும் காரணமில்லை; காகிதக் கணக்கும் புது இன்ஜெக்ஷனும்தான் காரணம். இன்று அந்தக் குழாய்களை மாட்டத் தெரிந்தவரைத் தேடி அலைபவர்கள், கிளாசிக் கார் திட்டத்தில் பழைய மோரிஸ் மைனரைப் பதிந்து, அனுமதித்த சில நாள்கள் மட்டும் சாலையில் இறக்குகிறவர்கள்தான்.