நன்றியை யார் கணக்கில் எழுதுவது?

பி.காம். படிக்கிறவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். 'பிளாக் ஃப்ரைடே' தள்ளுபடி விற்பனை பற்றி செமினாருக்குத் தயார் செய்யப் போய், அதற்கு முந்தின நாளான அமெரிக்காவின் 'தேங்ஸ்கிவிங்' கதையில் மாட்டிக்கொண்டேன்.

எல்லோரும் சொல்லும் கதை சின்னதுதான். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் 102 பேர் இங்கிலாந்திலிருந்து வந்து பிளிமத்தில் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடச் சொல்லிக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி. 1621-இல் அறுவடை முடிந்ததும் மூன்று நாள் விருந்து. வாம்பனோவாக் மக்களின் தலைவர் மசசோய்ட் சுமார் 90 ஆட்களோடு வந்தார். ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். சுபம்!

ஆனால் அந்த டிஸ்குவாண்டம் யார்? 1614-இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைக் கடத்தி, அடிமையாக விற்க ஸ்பெயினுக்குக் கொண்டுபோனான். எப்படியோ தப்பி, லண்டன் வழியாக 1619-இல் ஊர் திரும்பினால்... ஊரே இல்லை. ஐரோப்பியர் வழியாக வந்த கொள்ளைநோயில் அவருடைய படுக்செட் கிராமம் மொத்தமும் அழிந்திருந்தது. அந்த இடத்தில்தான் பிளிமத் எழுந்தது. அதாவது, செத்துப்போன தன் சொந்தக்காரர்கள் பயிர் செய்த மண்ணில் எப்படி விதைப்பது என்று வந்தேறிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் மனிதர். இதைப் படித்த ராத்திரி எனக்கு செமினார் வேலை ஓடவே இல்லை.

அடுத்த தலைமுறையில் போர். மசசோய்ட்டின் மகன் மெட்டகாம் 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவர் தலையை பிளிமத்துக்குக் கொண்டுவந்து கம்பத்தில் சொருகினார்கள். அது வந்து சேர்ந்த நாள், கடவுளுக்கு நன்றி சொல்வதற்காக அந்த ஊர் ஒதுக்கியிருந்த நாள்!

பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு என்பது கணக்குப்பதிவியலில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் விதி. இங்கே தந்தவர் பெயரே பேரேட்டில் இல்லை.

1863-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே இதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தவர் லிங்கன். அவருடைய அறிவிப்பில் பிளிமத் விருந்து பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. 1939-இல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதவில்லை என்று கடைக்காரர்கள் கேட்க, ரூஸ்வெல்ட் இந்த நாளையே ஒரு வாரம் முன்னே தள்ளினார். பல மாநிலங்கள் ஏற்கவில்லை. அந்த வருடம் அமெரிக்காவில் இரண்டு நன்றிநாள்! (என் செமினாருக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தது :-)) 1941-இல்தான் நவம்பர் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்தது.

1970-இல் மேஃப்ளவர் வந்த 350-ஆம் ஆண்டு விழாவில் பேச வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக்காரரை அழைத்தார்கள். அவர் எழுதிவைத்திருந்த உரையைப் பார்த்ததும் பேச விடவில்லை. அவர் பிளிமத் குன்றில், மசசோய்ட் சிலை அருகே நின்று பேசினார். அன்றிலிருந்து வருடாவருடம் அதே வியாழக்கிழமை அங்கே துக்கநாள். வீடுதோறும் வான்கோழி வேகும் அந்த நாளில், குன்றுக்கு வருகிறவர்களில் பலர் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே பட்டினி.