பழங்கால மகிழுந்துப் பேரணி

பழங்கால மகிழுந்துப் பேரணி என்பது பல பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கப்பட்ட மகிழுந்துகளை (கார்களை) அவற்றின் உரிமையாளர்கள் ஓரிடத்தில் கூட்டிக் காட்சிக்கு வைத்து, சாலையில் ஓட்டியும் காட்டிப் பரிசு பெறும் நிகழ்வாகும். பெரும்பாலும் ஆர்வலர் கழகங்களே இதனை நடத்துகின்றன. இந்தியாவில் இவ்வகைப் பேரணிகளில் புகழ்பெற்றவை குளிர்காலத்தில் நடைபெறுபவை. இவை விரைவுப் பந்தயங்கள் அல்ல. ஊர்தி எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை விட, அது எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதே இங்கு மதிப்பிடப்படுகிறது.

தோற்றம்

இத்தகைய நிகழ்வுகளில் மிகப் பழமையானது இங்கிலாந்தின் இலண்டன்–பிரைட்டன் ஓட்டமாகும். தானியங்கி ஊர்திகளின் வேக வரம்பை உயர்த்திய சட்டம் 1896 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனைக் கொண்டாட அன்றே ஓர் ஓட்டம் நடத்தப்பட்டது. 1927 இல் அதன் நினைவாக மீண்டும் தொடங்கப்பட்ட ஓட்டம் இன்றும் நவம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. 1905 க்கு முன் செய்யப்பட்ட ஊர்திகளே இதில் கலந்துகொள்ள முடியும். முதலில் வருபவருக்குப் பரிசு கிடையாது. குறித்த நேரத்திற்குள் சென்று சேரும் அனைவருக்கும் பதக்கம் உண்டு.

இந்தியாவில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 இல் தில்லியிலும், 1968 இல் கொல்கத்தாவிலும் பேரணிகளைத் தொடங்கியது. இந்தக் காலம் குறிப்பிடத்தக்கது. சமத்தானங்கள் இணைக்கப்பட்ட பின் அரச குடும்பங்கள் பல தம் ரோல்ஸ் ராய்சு போன்ற ஊர்திகளைப் பேணும் வசதியை இழந்து வந்தன. 1971 இல் மன்னர் மானியமும் ஒழிக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மலிவு விலையில் அவற்றை வாங்கிச் சென்றனர். 1970களில் பழங்கால ஊர்திகளின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தடை ஊர்தியை நாட்டுக்குள் நிறுத்தி வைத்தது. அதனை ஓடும் நிலையில் வைத்திருக்க உரிமையாளருக்கு ஒரு காரணத்தைத் தந்தது ஆண்டுதோறும் வந்த பேரணியே எனலாம்.

தில்லி பேரணியில் பார்வையாளர்களைக் கவர்ந்த ஊர்திகளுள் தேசியத் தொடருந்து அருங்காட்சியகத்திற்குச் சொந்தமான 1914 ஆம் ஆண்டு சான் மோரிசு தீயணைப்பு ஊர்தியும் ஒன்று. இது நிசாமின் தொடருந்து நிறுவனத்தில் பணிபுரிந்தது.

ஏன் குளிர்காலம்?

பழைய எந்திரங்கள் பலவற்றில் நீரேற்றி (வாட்டர் பம்ப்) கிடையாது. சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை ஓட்டத்தாலேயே எந்திரம் குளிர்விக்கப்பட்டது. கோடை வெயிலில் ஊர்வலமாக மெல்லச் செல்லும்போது ரேடியேட்டரில் நீர் கொதித்துவிடும். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி எந்திரம் நின்றுபோவதும் உண்டு. வட இந்தியாவில் சனவரி, பெப்ரவரி மாதங்கள் இதற்கு ஏற்றவை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னரே திறந்த கூரை ஊர்திகளை அச்சமின்றி வெளியே எடுக்க முடியும்.

பரிசை முடிவு செய்யும் முறை

ஊர்திகள் முதலில் காலவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. 1966 இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பழங்கால ஊர்திக் கூட்டமைப்பின் முறைப்படி 1905–1918 காலத்தவை 'வெட்டரன்' எனவும், 1919–1930 காலத்தவை 'விண்டேஜ்' எனவும் அழைக்கப்படும். பேச்சுவழக்கில் பழைய கார் எல்லாமே விண்டேஜ் தான்.

நடுவர்கள் எந்திரம், உடற்கூடு, வண்ணப்பூச்சு, இருக்கை, விளக்கு, ஒலிப்பான், சக்கரம் என ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் இடுவர். பளபளப்பு மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, 1922 ஆம் ஆண்டு ஊர்தி ஒன்றில் குரோமிய முலாம் மின்னினால் மதிப்பெண் குறையும். ஏனெனில் அக்காலத்தில் பித்தளையும் நிக்கல் முலாமுமே வழக்கில் இருந்தன. குரோமியம் 1920களின் பிற்பகுதியில்தான் பரவியது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததை விட அழகாக்கப்பட்ட ஊர்தியும் இவ்வாறே குறையுடையதாகக் கருதப்படும்.

நடுவர் முறைக்கு மாற்றாக வாக்கெடுப்பும் வழக்கில் உள்ளது. இத்தாலியின் வில்லா டெசுடே நிகழ்வில் (தொடக்கம் 1929) தங்கக் கோப்பை வருகையாளர்களின் வாக்கால் முடிவாகிறது. நடுவர் குழு தனியே வேறொரு முதற்பரிசை வழங்குகிறது. அமெரிக்காவின் பெபிள் பீச்சில் (தொடக்கம் 1950) பிரிவுப் பரிசுகள் மதிப்பெண்ணாலும், நிகழ்வின் முதற்பரிசு நடுவர்களின் வாக்காலும் தீர்மானிக்கப்படுகின்றன. சிறிய கழகங்களில் வந்திருக்கும் உறுப்பினர்களே சீட்டில் எழுதி வாக்களிப்பது எளிய வழக்கம். கண்ணைக் கவரும் பெரிய ஊர்திக்கே வாக்குகள் குவியும் என்பது இம்முறையின் குறை. ஆனால் ஒருவர் தம் ஊர்திக்கு எவ்வளவு உழைத்தார் என்பதை உடன் உறுப்பினர் அறிந்திருப்பார். அரை மணி நேரம் பார்த்துச் செல்லும் நடுவர் அறியமாட்டார்.

இந்தியச் சூழலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த ஆண்டுகளில் உதிரிப் பாகம் கிடைக்காமல், பழைய செவ்ரோலெட், போர்டு ஊர்திகளில் ஜீப் அல்லது டீசல் எந்திரங்களைப் பொருத்தி ஓட்டினர். சென்னை சிம்சன் நிறுவனம் பெர்க்கின்சு டீசல் எந்திரங்களைத் தயாரித்து வந்தது. மூலத்தன்மை விதிப்படி இத்தகைய ஊர்தி பின்தள்ளப்படும். அந்த மாற்றம் இல்லாதிருந்தால் அது பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்பதும், உள்ளூர் மெக்கானிக்குகளின் கைத்திறனும் இந்த ஊர்தி வரலாற்றின் ஒரு பகுதி என்பதும் மதிப்பெண் தாளில் இடம்பெறுவதில்லை.

சட்ட நிலை

2021 சூலையில் நடுவண் அரசு பழங்கால ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலானவையும், அடிச்சட்டம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாதவையுமான இரு சக்கர, நான்கு சக்கர ஊர்திகள் இதில் அடங்கும். எனவே 1970 இல் பதிவான அம்பாசிடரும் இன்று சட்டப்படி பழங்கால ஊர்தியாகலாம். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். முன்பே பதிவானவை தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

இவ்வாறு பதிந்த ஊர்தியை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றிற்கே சாலைக்கு வரலாம். பேரணி இல்லாத ஊரில் இத்தகைய ஊர்தி கொட்டகையை விட்டு வெளிவர வாய்ப்பு அரிது.

தமிழ்நாட்டில்

1903 இல் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் கிரீன் சென்னையில் நீராவி மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். உயர்நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் சென்னையில் மகிழுந்து வைத்திருந்த முதல் இந்தியராகக் குறிப்பிடப்படுகிறார். அதன் பதிவெண் எம்.சி. 3.

2002 இல் சென்னையில் மெட்ராசு எரிட்டேச் மோட்டாரிங் கிளப் தொடங்கப்பட்டது. பழைய ஊர்திகளின் கண்காட்சிகளையும் பேரணிகளையும் இக்கழகம் நடத்தி வருகிறது. கோயம்புத்தூரில் 2015 இல் திறக்கப்பட்ட ஜி.டி. மகிழுந்து அருங்காட்சியகம், 1920 இல் பொள்ளாச்சி–பழநி வழித்தடத்தில் ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் பெயரோடு தொடர்புடையது. பேரணி நடைபெறாத நாட்களிலும் மாணவர்கள் இவ்வகை ஊர்திகளை அங்கு அருகில் நின்று பார்க்கலாம்.