குளக்கட்டு மருதும் மீன்கழுகும்

வன்னிக்குக் கழுகு பார்க்க வருகிறவர்கள் மனிதக் கை படாத காட்டையே தேடுகிறார்கள். ஆனால் சாம்பல் தலை மீன்கழுகைப் பார்க்கக் குளக்கட்டுக்குத்தான் போகவேண்டும். இலங்கையின் உலர் வலயத்தில் பெரிய இயற்கை ஏரி இல்லை. கோடையிலும் வற்றாமல் நிற்கிற நன்னீரில் பெரும்பகுதி, யாரோ மண் சுமந்து ஆற்றை மறித்துத் தேக்கியது. அந்த நீரில் மீன், அதன் கரையில் ஓங்கிய மருதமரம், அந்த மரத்தில் கழுகின் கூடு. வன்னிக் கழுகின் வரலாற்றைக் குளங்களின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது என்பதே என் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னியில் குளங்கள் பல உடைந்து, ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன; ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலில் அந்தச் சித்திரம் இருக்கிறது. கட்டு உடைந்த குளத்தில் சில காலத்திலேயே பற்றை மூடிவிடும். அங்கே காடு கூடியது, மீன்பிடிப் பறவைக்கு வேண்டிய நீர் குறைந்தது. பிறகு நீர் திரும்பியது மண்வெட்டியால்தான். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது; 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது; 1938இல் அதே ஆறு போய்ச் சேரும் சுண்டிக்குளம் கடல்நீரேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குடியேற்றத்துக்கும் சரணாலயத்துக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். வயலுக்குத் திறந்த நீரில் மிஞ்சியதும், மாரியில் வான் பாய்ந்த வெள்ளமும் கீழே அந்த நீரேரிக்கே போயின. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளங்களின் முதன்மை மீனானபோது, மீனவரின் வலையோடு மீன்கழுகின் இரையும் மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன். சிறுபோகத்துக்கு நீர் இறைபட்டுக் குளம் ஒடுங்கும் மாதங்களில், ஆழம் குறைந்த நீரில் மீன் நெருங்கி நிற்கிறது. கழுகு பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. அதைத் தீர்மானிப்பது கமக்காரரின் நாட்காட்டி.

வெண்வயிற்றுக் கடற்கழுகு குளங்களுக்கு முன்பே கரையில் வாழ்ந்ததே என்று ஒருவர் கேட்கலாம். உண்மை. சுண்டிக்குளத்திலும் கொக்கிளாய் நீரேரியிலும் அது கடலை நம்பிய பறவை. குளம் இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். என் வாதம் உள்நாட்டு மீன்கழுகுக்கே முழுதாகப் பொருந்தும். இன்னொரு எதிர்வாதம் கனமானது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஆட்கள் போனார்கள், காடு திரும்பியது, பறவைக்கு அதுவே நல்லது என்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2009 வரை அந்த மண்ணில் நடந்தது ஓய்வு அல்ல. எறிகணை விழுந்த நிலத்தை இயற்கையின் மீட்சி என்று எழுதுவது, அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்குச் செய்யும் கொடுமை. பறவையின் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்குச் சரிவராது: பராமரிக்க ஆளில்லாத கட்டும் நீர் திறக்கும் துருசும் பழுதாகும், குளம் தூர்ந்துபோகும். மனிதரால் வரும் கேட்டையும் மறைக்கமாட்டேன். வயலில் தெளிக்கும் நஞ்சு குளத்து மீன்வழி கழுகின் உடலில் சேரக்கூடும். கூடு கட்டும் பெருமரத்தை வெட்டினால் அதற்கு ஈடான இன்னொன்று வளர ஒரு தலைமுறை செல்லும். இவற்றைத் தடுக்கவேண்டும். ஆனால் தடுக்கும் வழி ஆட்களை வெளியேற்றுவதல்ல.

சட்டம் மாறிய விதத்தில், பறவையைக் காக்க ஆட்களை விலக்குவதா என்ற இந்தக் கேள்வி இன்று கூர்மையாகியிருக்கிறது. சரணாலயம் என்ற வகைக்குள் தனியார் காணியும் வழமையான தொழிலும் இருக்க இடமுண்டு. 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவானது. பூங்காவுக்குள் பொதுவாக அனுமதிச்சீட்டோடு, பார்ப்பதற்காக மட்டுமே போகலாம். பறவை பார்க்க வருகிறவருக்கு இடம் தந்து, வலையோடு வருகிறவரை அந்நியராக்கும் ஏற்பாடு இது. பூங்காவின் எல்லை நீரேரியோடு நின்றுவிடுகிறது. நீரேரிக்கு எவ்வளவு நன்னீர் வரும், எப்போது வரும் என்பதோ மேலே இரணைமடுவின் வான் கதவுகளில், நீர்ப்பாசன அதிகாரிகளும் கமக்காரரும் கூடி எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது. பூங்கா நிர்வாகத்துக்கும் கரையோர மீனவருக்கும் அந்தக் கூட்டத்தில் நாற்காலி வேண்டும்.