கர்ப்பிணியின் நிறையும் இருதயத்தின் சுமையும்

கருவுற்ற பெண் இருவருக்காக உண்ண வேண்டும் என்பது நம் வீடுகளில் மூத்தோர் கூறும் முதல் ஆலோசனை. அன்பினாற் கூறப்படுவதே. ஆயினும் முதல் மூன்று மாதங்களில் மேலதிக உணவு அநேகமாகத் தேவைப்படுவதில்லை. அதன் பின்னரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 340 முதல் 450 கலோரி வரை கூடுதலாகக் கிடைத்தாற் போதுமானது.

கர்ப்ப காலத்தில் தாயின் குருதிக் கனவளவு 40 முதல் 50 சதவீதம் வரை அதிகரிக்கின்றது. அதனை உடலெங்கும் செலுத்த இருதயம் கூடுதலாக உழைக்கின்றது. ஆரோக்கியமான இருதயம் இதனைத் தாங்கும். சிறுவயதில் வாதக்காய்ச்சலால் வால்வு பழுதுற்று, அதனை அறியாதிருக்கும் பெண்ணுக்கோ இச்சுமை உயிராபத்தாகலாம். அதிக நிறை, உயர் குருதியமுக்கத்துக்கும் கர்ப்பகால நீரிழிவுக்கும் இடமளிக்கின்றது. குருதியமுக்கம் உயர்ந்து சிறுநீரில் புரதம் வெளியேறும் நிலைக்கு உள்ளானவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் ஏற்படும் அபாயம் ஏனையோரிலும் ஏறத்தாழ இரு மடங்காகும்.

இலங்கையில் பிரசவ மரணங்கள் பெருமளவு குறைந்துள்ளன. குடும்பநல உத்தியோகத்தர்களின் சேவைக்கு இதிற் பெரும் பங்குண்டு. எனினும் எஞ்சியுள்ள தாய் மரணங்களின் முக்கிய காரணங்களுள் இருதய நோயும் ஒன்று.

எவ்வளவு நிறை கூடலாம்? 2009ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ நிறுவகம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உடற்றிணிவுச் சுட்டி 18.5இற்குக் குறைந்தவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரையும், இயல்பான நிறையுடையோர் 11.5 முதல் 16 வரையும், சுட்டி 25இற்கு மேற்பட்டோர் 7 முதல் 11.5 வரையும், 30ஐ எட்டியோர் 5 முதல் 9 வரையும் கூடலாம். மெலிந்த தாய்மார் உணவைக் குறைப்பது தவறு என்பதும் இதிலிருந்து தெளிவாகும். பருமனானவர்களும் கர்ப்ப காலத்தில் நிறையைக் குறைக்க முற்படலாகாது.

ஓரிரு நாட்களில் நிறை சடுதியாக ஏறுமாயின் அது பெரும்பாலும் உணவினால் அன்று, உடலில் நீர் தேங்குவதால் ஆகும். அத்துடன் முகமும் கைகளும் வீங்கினால், தலைவலி கடுமையானால் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். மூச்சிரைப்பு கர்ப்பிணிகளுக்கு வழமையானதுதான் என்று கூறிச் சமாளிப்பதுண்டு. மல்லாந்து படுக்க இயலாமை, இரவில் இருமலுடன் விழித்தெழுதல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை வழமையானவை அல்ல. குழந்தை பிறந்து சில மாதங்கள் வரையிலும் இவ்வறிகுறிகள் தோன்றலாம். இருதயத் தசை பலவீனமடையும் நோயொன்று அக்காலத்திலேயே வருவதுண்டு. பேறுகாலப் பத்தியத்தில் வீட்டார் கவனம் முழுவதும் குழந்தையின் மீதே குவிந்திருக்க, தாயின் களைப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

சிறுவயதில் வாதக்காய்ச்சலுக்காக ஊசி ஏற்றியிருந்தால், இருதயத்தில் இரைச்சல் உண்டென எவரேனும் கூறியிருந்தால், முதற் கிளினிக் நாளிலேயே அதனைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தெரிவிக்க வேண்டும்.