தஞ்சாவூரின் கீழ்த்தொட்டி

மீன்தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து, அதில் அழுக்கைத் தங்கவிட்டு, தெளிந்த நீரை பம்ப் போட்டு மேலே ஏற்றுவார்கள். 'சம்ப்' என்று பெயர். தஞ்சாவூரில் நாயக்கர் காலத்து ஏரி ஒன்று இந்த வேலையை பம்ப் இல்லாமலே செய்தது.

16ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கரின் பெயரால் வழங்கிய ஏரி அது. ஊருக்கு மேற்கே, மேட்டில் இருந்தது. மழைநீர் அதில் வந்து நிற்கும், வண்டல் அடியில் படியும். தெளிந்த நீர் தரைக்கடியில் போன நீர்வழியாக, பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்கு இறங்கும். அங்கிருந்து அய்யன் குளத்துக்கு. எல்லாம் சரிவின் தயவுதான். ஜலசூத்திரம் என்றார்கள்.

இதில் வடிகட்டுவதைவிட முக்கியமானது, நீர் ஒரே இடத்தில் தேங்காமல் நகர்ந்தது. வெயிலில் ஆவியாவது நீர் மட்டும்தானே, உப்பு அப்படியே கிடக்கும். குறைந்ததை ஊற்றி நிரப்புவது வேறு, பழசை வெளியேற்றிப் புதுசு விடுவது வேறு. சம்ப் வைத்த தொட்டி இதில் நம்மை நன்றாகவே ஏமாற்றும்: மேல்தொட்டி எப்போதும் நிறைந்தே தெரியும், மட்டம் இறங்குவது கீழேதான். வரத்து அடைபட்ட குளத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு மட்டத்தைக் காப்பாற்றலாம். உப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சிவகங்கைக் குளத்துக்கும் அய்யன் குளத்துக்கும் நடுவேயுள்ள பழைய வழியைச் சீராக்கினார்கள், அய்யன் குளத்துக்கு மறுபடி நீர் வந்தது. ஏரியின் பெரும்பகுதியில் இப்போது வீடுகள். அந்தப் பகுதியை செவ்வப்பநாயக்கன்வாரி என்கிறார்கள். வாரி என்றால் நீர்.